ஆர்.வி வண்டிக்கு ஸ்னோ செயின்: எதை வாங்குவது, எப்படிப் போடுவது?

டிக்கோயா சாரதி:
வணக்கம். 14 வருஷமாக ஹட்டனிலிருந்து நுவரெலியா, எல்ல பக்கம் வேன் ஓட்டுகிறேன். வருகிற மார்ச்சில் குடும்பத்தோடு கனடா போகிறோம். கல்கரியில் இருக்கும் மச்சான் ஓர் ஆர்.வி (படுக்கை, சமையலறையோடு வீடு மாதிரிக் கட்டிய வண்டி) வாடகைக்கு எடுத்து, அம்மா, பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ரோஜர்ஸ் பாஸ் என்ற மலைக்கணவாய் வழியாக வான்கூவர் போகலாம் என்கிறார், இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுவோமாம். றம்பொடை வளைவுகளை மழையிலும் மூடுபனியிலும் ஓட்டிப் பழக்கம், ஆனால் ஸ்னோவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஸ்னோவில் வழுக்காமல் டயரைச் சுற்றிப் போடும் செயின் வாங்கி வைப்போம் என்று மச்சான் சொல்கிறார், அவரும் ஒரு நாளும் போட்டதில்லை. முன் சக்கரத்துக்கா, பின் சக்கரத்துக்கா? அளவு எப்படிப் பார்ப்பது? அம்மாவுக்கு 70 வயது, அவரைக் குளிரில் உட்கார வைத்துவிட்டு வழியில் நின்று பழக எனக்கு மனமில்லை.

பதுளை லொறி:
தம்பி, நான் அந்தப் பாதையில் சில வருஷம் லொறி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவன். முதலில் உயரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ரோஜர்ஸ் பாஸ் 1,330 மீட்டர்தான், நுவரெலியா டவுனே 1,868. ஆனால் அது 51 பாகை வடக்கே இருக்கிறது, மார்ச்சிலும் நல்ல ஸ்னோ கொட்டும்.

ரோஜர்ஸ் பாஸ் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மலைப்பாதைகளில் ஒக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை சாதாரண வண்டிகளுக்குக் குளிர்கால டயர் கட்டாயம். டயரின் பக்கத்தில் எம் பிளஸ் எஸ் என்றோ, மலைக்குள் ஸ்னோப் பூ வரைந்த அடையாளமோ இருக்கும், டயரில் வெட்டியிருக்கும் பள்ளம் 3.5 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். பாரமான வண்டிக்கு விதி வேறு, அதனால் எடையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் வாசியுங்கள், செயின் போடவே கூடாது என்று எழுதியிருக்கும் கம்பனிகள் உண்டு.

செயின் போடுவது எஞ்சின் சுற்றும் சக்கரத்துக்கு. போர்ட் இ-450 மேல் கட்டிய ஆர்.வி என்றால் பின்னுக்கு, அங்கே பக்கத்துக்கு இரண்டு டயர் இருக்கும். வெளி டயருக்கு மட்டும் போடும் ஒற்றைச் செயினும் உண்டு, இரண்டையும் சேர்த்து மூடும் அகலச் செயினும் உண்டு, எது சரியென்று வண்டியின் கையேட்டில் பாருங்கள். ராம் புரோமாஸ்டர் வேனில் கட்டியது என்றால் முன்னுக்கு.

ராகலைக்காரி:
அளவைப் பற்றி நான் சொல்கிறேன், நாங்கள் அதில்தான் பட்டோம். விளிம்பு 16 அங்குலம், சரியாகத்தானே இருக்கும் என்று யாரோ பாவித்த செயினை வாங்கினோம். அது 245 அகல டயருக்கானது, எங்கள் டயர் 225. தொங்கின கண்ணி ஒன்று சுற்றிச் சுற்றி மட்காட்டை அடித்து, உள்ளே போன வயரையே அறுத்துவிட்டது. அதனால் டயரில் எழுதியிருக்கும் மூன்று எண்ணும் செயின் பெட்டியில் அப்படியே இருக்க வேண்டும். டயரின் உள்பக்கத்துக்கும் பிரேக் குழாய்க்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் குனிந்து பாருங்கள்.

போடுவது இப்படி: சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, செயினைத் தரையில் விரித்து முறுக்கு எடுங்கள். கொக்கியின் திறந்த வாய் வெளியே பார்க்க வேண்டும், டயர் பக்கம் பார்த்தால் ரப்பரைக் குத்தும். டயருக்கு மேலால் போர்த்தி, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, அப்புறம் வெளிப்பக்கம். கீழே மாட்டிக்கொண்ட பகுதிக்காக வண்டியைக் கொஞ்சம் உருட்ட வேண்டி வரும், அப்போது பிள்ளைகள் யாரும் கிட்ட நிற்கக்கூடாது. இறுக்கிவிட்டு நூறு மீட்டர் போய், இறங்கி மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

அந்த உள்பக்கக் கொக்கிதான் கஷ்டம். கண்ணுக்குத் தெரியாது, விரல் மரத்துப் போயிருக்கும். ரப்பர் கையுறையும் தலையில் கட்டும் டோர்ச்சும் வேண்டும். மண்டியிடுவதற்கு, அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுவார்களே படங்கு, அப்படி ஒன்றைக் கொண்டுபோங்கள், நனையாது.

பதுளை லொறி:
தங்கச்சி சொன்னது சரி. வேகம் 50க்கு மேல் வேண்டாம், வெறும் தார் ரோட்டு வந்ததும் கழற்றிவிடுங்கள். பின் சக்கரத்தில் மட்டும் செயின் இருந்தால் முன்னால் பிடி இருக்காது, வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேரே போகும். ஏறின கியரில்தான் இறங்க வேண்டும் என்று நம் பக்கத்துப் பழைய சாரதிமார் சொல்வது அங்கேயும் சரி, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள்.

டிக்கோயா சாரதி:
இருவருக்கும் நன்றி. மச்சான் டயரைப் படம் எடுத்து அனுப்பினார்: 225/75 ஆர் 16, பின்னுக்கு நான்கு டயர். ஒப்பந்தத்தில் தடை இல்லையாம். போய் இறங்கினதும் அவர் வீட்டு வாசலிலேயே இரண்டு தரம் போட்டுக் கழற்றிப் பார்க்கிறோம், ஒரு தரம் இருட்டினதுக்குப் பிறகு.