வினாநிரல் நெறியாளர் மேசையில் இருக்கும்போதே சம்பா விதைப்பு முடிந்துவிட்டது. எப்படிக் கேட்பது?

கேள்வி: கடைமடை ஆய்வாளர், திருவாரூர் மாவட்டம்

வணக்கம். பொருளியலில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராக மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். வெண்ணாற்றுப் பாசனத்தில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்களில் சம்பாவை நாற்று விட்டு நடுவதற்கும் நேரடியாக விதைப்பதற்கும் ஆகும் செலவை ஒப்பிடுவது என் ஆய்வு. விதையளவு, ஆள்கூலி, டிராக்டர் வாடகை எல்லாவற்றையும் விதைக்கும் நாள்களிலேயே கேட்டுக் குறித்துவிட வேண்டும். அறுவடைக்குப் பின் கேட்டால் எவரும் உத்தேசமாகவே சொல்வார்கள். ஆகையால் சென்ற ஜூலையிலேயே வினாநிரலை நெறியாளரிடம் கொடுத்து ஒப்புதல் கேட்டேன். "வைத்துவிட்டுப் போம்மா, பார்க்கிறேன்" என்றார்.

வாரந்தோறும் அவர் அறைக்குப் போகும்போதெல்லாம், சுருள்கம்பி போட்ட அந்தப் பிரதி விடைத்தாள் கட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு மூலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்ப்பேன். நினைவுபடுத்த வாய் வராது. இடையில் துறைக் கருத்தரங்கிற்கு அழைப்பிதழ் அச்சடித்ததும், விருந்தினர்களைத் தஞ்சாவூர் ரயிலடியிலிருந்து அழைத்து வந்ததும் நான்தான். நவம்பரில் பிரதி கைக்கு வந்தபோது வயல்களில் மழைநீர் வடியாமல் நின்றது. உள்ளே பென்சிலால் ஒரே ஒரு திருத்தம்: "ஏக்கர்" என்பது "ஹெக்டேர்" ஆகியிருந்தது. கடைசிப் பக்கத்தில் "நன்று" என்று எழுதியிருந்தார். தாமதம் நான்கு மாதம்தான். எனக்குப் போனது ஓராண்டு.

அவர் கெட்டவர் அல்லர். நான் கட்டணம் கட்ட முடியாமல் நின்ற சமயத்தில் தம் கையிலிருந்து கொடுத்தவர். அதனால்தான் கூச்சம் இன்னும் கூடுகிறது. இந்த ஆண்டு, ஆய்வுக்கு மாதிரியாகத் தேர்ந்தெடுத்த ஊர்களின் பட்டியலுக்கு அவருடைய ஒப்புதல் வேண்டும். எப்படிக் கேட்பது? நெறியாளரையே மாற்றிக்கொள் என்று தோழிகள் சொல்கிறார்கள், அது சரிப்படுமா?

பதில் 1: மன்னார்குடிக்காரர், சென்ற ஆண்டு பட்டம் பெற்றவர்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பருவத்திற்கு (செமஸ்டருக்கு) ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நாம் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். குழுவின் பரிந்துரையில் ஒரு படி (நகல்) நமக்கும் தரப்பட வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் நான் அந்தப் படியைக் கேட்டதே இல்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் ஆண்டில் கேட்டு வாங்கிப் பார்த்தால் "களப்பணி திருப்திகரம்" என்று இருந்தது. அதுவரை நான் களத்துக்கே போயிருக்கவில்லை! அடுத்த கூட்டத்திற்கான அறிக்கையில் விதைப்புக் காலத்தை நாள் குறிப்பிட்டு எழுதுங்கள், சகோதரி. அது பதிவாகிவிட்டால், நீங்கள் நேரில் கேட்கத் தயங்கியதைக் குழு உறுப்பினர்களே கேட்பார்கள்.

பதில் 2: ஒரு நெறியாளர், கும்பகோணம் பக்கம்

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இணைப் பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 6 பேர் வரை வழிகாட்டலாம் என்பது விதி. என்னிடம் ஆறு பேரும் இருக்கிறார்கள். வகுப்பு, விடைத்தாள் திருத்தம், தர மதிப்பீட்டுக்கான கோப்புகள் ஆகியவற்றுக்கு நடுவே, "நேரம் கிடைக்கும்போது பாருங்கள் சார்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போகும் தாளுக்கு என் மனத்தில் கடைசி நாள் என்று ஒன்று விழுவதே இல்லை. உங்கள் நெறியாளர் டெல்டாக்காரராகவே இருக்கலாம். ஆனால் நிலத்தில் கால் வைக்காதவருக்கு ஜூன் 12இல் மேட்டூர் திறப்பது வரைதான் தெரியும், அந்தத் தண்ணீர் உங்கள் வாய்க்காலுக்கு என்றைக்கு வந்து சேரும் என்பதோ, அதற்குள் விதைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதோ தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. எனவே ஊர்ப்பட்டியலோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள்: எதை முடிவு செய்து தர வேண்டும், எந்த நாளுக்குள், தவறினால் எது கைவிட்டுப் போகும். மூன்றும் போதும். சென்ற ஆண்டுக் குறையை அதில் எழுத வேண்டாம்.

ஹெக்டேர் திருத்தம் ஆய்வேட்டுக்குச் சரிதான். வயலில் நின்று கேட்கும்போது மாக்கணக்கிலேயே கேளுங்கள். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர், மாற்றிக்கொள்வது உங்கள் வேலை.

கருத்தரங்கு வேலையைப் பொறுத்தவரை தவறு எங்களுடையது. என் மகள் திருமணப் பத்திரிகைகளைக் கொடுத்து வர என் ஆய்வு மாணவரை இரண்டு நாள் அலைய விட்டிருக்கிறேன். அவர் மறுக்கமாட்டார் என்பது தெரிந்துதான் அனுப்பினேன்.

பதில் 3: பழைய பகுதிநேர ஆய்வாளர்

ஆலோசனைக் குழுவைக் கூட்டும் பொறுப்பே நெறியாளருடையது என்பதை முதல் பதிலில் நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். அவர் அறியாமல் அறிக்கையில் குறை எழுதினால், கூட்டத்தில் அவரைத் தலைகுனிய வைத்ததாகவே முடியும். முதலில் கடிதம், பிறகுதான் குழு. நெறியாளரை மாற்றும் பேச்சு இப்போது வேண்டாம். நான் மாற்றியவன். பழையவரிடம் இசைவு வாங்க ஒரு பருவம் போயிற்று. புதியவர் தலைப்பைத் தம் துறைக்குத் தகத் திருத்தச் சொன்னார். பாதித் தரவு வீணாயிற்று. பணம் கேட்டாலோ, உங்கள் கட்டுரையைத் தம் பெயரில் போட்டுக்கொண்டாலோ மாறத்தான் வேண்டும். தாள் மேசையில் தூங்குவதற்காக மாறினால், அடுத்த மேசையிலும் அது தூங்கலாம்.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. கடிதத்தை எழுதிவிட்டேன், ஜூலை 31 என்று நாள் குறித்திருக்கிறேன். கையில் கொடுப்பதா, வாட்ஸ்அப்பில் அனுப்புவதா?

கும்பகோணம் நெறியாளர்:

மின்னஞ்சலில் அனுப்புங்கள், மறுநாள் ஓர் அச்சுப்படியையும் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும், என்னுடையதில் அப்படித்தான் போகிறது. கொடுக்கும்போது நின்றுகொண்டே கொடுக்காமல், அனுமதி கேட்டு உட்கார்ந்து, அந்த மூன்று வரிகளையும் வாயாலும் சொல்லிவிடுங்கள், அம்மா.