ஸ்பிட்ஃபயர் இறங்க வரும்போது இறக்கை சட்டென்று கவிழ்கிறது, என்ன செய்யலாம்?

ஏரிக்கரை:

நேற்று மாலையோடு மூன்றாவது முறை. மோட்டார் மவுண்ட் பிய்ந்து மூக்கு தனியாக வந்துவிட்டது. கூடத்தில் செய்தித்தாளை விரித்து எபாக்ஸி காயக் காத்திருக்கிறேன். மனைவி இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

விமானம் 1,200 மிமீ இறக்கை நீளமுள்ள, ரிமோட்டில் ஓட்டும் ஃபோம் ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப் போர் விமானத்தின் மாடல். நான்கு செல் லிப்போ பேட்டரியோடு எடை 1,650 கிராம். இதற்கு முன் இரண்டு வருடம் ட்ரெய்னர் (பழகுவதற்கான விமானம்) ஓட்டியிருக்கிறேன். அதில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

நாங்கள் பறக்கவிடுவது ஊருக்கு வெளியே காய்ந்து கிடக்கும் ஏரியில். மேற்கே கரை, கரை நெடுகப் பனைமரம். அதனால் இறங்க வரும்போது கடைசித் திருப்பத்தை இறுக்கமாகத்தான் எடுக்க முடியும். த்ராட்டிலைக் குறைத்து இடது பக்கம் திரும்புவேன். மூக்கு தாழ்கிற மாதிரி தெரிந்ததும் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலை) இழுப்பேன். அவ்வளவுதான், இடது இறக்கையை யாரோ கீழே இருந்து பிடித்து இழுத்த மாதிரி புரண்டுவிடும். வலது பக்கம் ஏலெரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடல்) முழுவதும் கொடுத்துப் பார்த்தேன். நிமிராதது மட்டுமல்ல, இன்னும் வேகமாகப் புரள்கிறது. உயரத்தில் லூப் போடும்போதும் இரண்டு தடவை தானாகச் சுழன்றது, ஒன்று இடது, ஒன்று வலது.

செட்டப்பையும் சொல்லிவிடுகிறேன். எலிவேட்டர் மேலே 18 மிமீ, கீழே 18 மிமீ. மெதுவாக இறங்கட்டும் என்று ஒரு ஸ்விட்சில் ஃப்ளாப்பரான் போட்டிருக்கிறேன், இரண்டு ஏலெரானும் 5 மிமீ கீழே வரும். தரையைத் தொட்டதும் மூக்கு குத்துகிறதே என்று பேட்டரியைப் பின்னால் தள்ளினேன். கையேட்டில் சிஜி (எடை சமமாக நிற்கும் புள்ளி) இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 70 மிமீ என்று இருக்கிறது, இப்போது 80.

இறக்கை வெயிலில் முறுக்கிக்கொண்டதா, இல்லை மோல்டே சரியில்லையா?

ஃபோம்வெட்டி:

நண்பா, ஸ்டெபிலைசர் (விமானத்தைத் தானே சமன் செய்யும் கருவி) உள்ள ரிசீவர் ஒன்று போடுங்கள். என் மஸ்டாங்கில் போட்டபின் காற்றடித்தாலும் ஆடுவதில்லை. முறுக்கைப் பார்க்க எளிய வழி இருக்கிறது. நேரான மரச்சட்டம் ஒன்றை இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை வைத்து ரப்பர் பேண்டு போடுங்கள், மேலே போனை வைத்து டிகிரி பாருங்கள். உடம்போடு சேரும் இடத்தில் ஒன்று, நுனிக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று, இரண்டு பக்கமும்.

பழைய பால்சா:

தம்பி, மோல்டைத் திட்டாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது.

எப்போதும் ஒரே பக்கம் கவிழ்ந்தால் நானும் முறுக்கைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அல்லது ஒரு பக்க இறக்கை எடை கூடியிருக்கும், அல்லது எலிவேட்டரின் இரண்டு பாதியும் ஒரே கோணத்தில் நிற்காது. உங்கள் லூப் ஒருமுறை இடது, ஒருமுறை வலது என்கிறீர்கள். அப்படியென்றால் விமானம் கோணலாக இல்லை, நீங்கள் அதிகமாக இழுக்கிறீர்கள். திருப்பத்தில் இடது பக்கமே போவதற்குக் காரணம், நீங்கள் எப்போதும் இடது பக்கமே திரும்புகிறீர்கள்.

ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது, வேகம் குறைவதால் வருவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால் ஸ்டால், வேகம் எவ்வளவு இருந்தாலும் சரி. அந்தக் கோணத்தைக் கொடுப்பது எலிவேட்டர். லூப்பில் முழு வேகத்தில் சுழன்றதும், ஏரியில் கவிழ்ந்ததும் ஒரே வியாதிதான். 18 மிமீ என்பது ஏரோபாட்டிக் விமானத்துக்கான அளவு. 10 மிமீக்கு இறக்குங்கள். எக்ஸ்போ போட்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டாம், எக்ஸ்போ என்ற ரிமோட் செட்டிங் குச்சியின் நடுவில்தான் மென்மையாக்கும், குச்சியைக் கடைசி வரை இழுத்தால் அதே 18தான் வரும்.

இப்போது உங்கள் இறக்கை. 1,200 மிமீ ஸ்பிட்ஃபயருக்குப் பரப்பு ஏறத்தாழ 26 சதுர டெசிமீட்டர் வரும். 1,650 கிராமை வகுத்தால் ஒரு சதுர டெசிமீட்டருக்கு 63 கிராம். உத்தேசமாகக் கணக்குப் போட்டால் நேராகப் பறக்கும்போது மணிக்கு 38 கிமீக்குக் கீழே அது நிற்காது. 60 டிகிரி சாய்த்து உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைத் தாங்க வேண்டும், அப்போது அதே 38 என்பது 54 ஆகிவிடும். பனைமரத்துக்குப் பயந்து இறுக்கித் திருப்புகிறீர்களே, அங்கே உங்கள் வேகம் 54 இருந்திருக்குமா?

நுனி முதலில் விடுவதற்கும் காரணம் இருக்கிறது. உடம்போடு சேரும் இடத்தில் இறக்கையின் அகலம் 27 செமீ, நுனிக்கு அருகே 12. அகலம் குறைந்த இடத்தில் ரெய்னால்ட்ஸ் எண்ணும் (வேகம், அகலம் இரண்டையும் வைத்துக் காற்றோட்டத்தைச் சொல்லும் எண்) குறைவு, உங்கள் வேகத்தில் நுனியில் 80,000 வாக்கில், நடுவில் 1,90,000 வாக்கில். சின்ன எண்ணில் காற்று இறக்கையை விட்டுச் சீக்கிரம் பிரியும். ட்ரெய்னரின் இறக்கை ஒரே அகலம், அது நடுவில்தான் முதலில் விடும், மூக்கை ஆட்டிவிட்டுத் தானே சரியாகும். நிஜ ஸ்பிட்ஃபயரில் அதை வடிவமைத்த மிட்செலின் ஆட்கள் இதற்காகவே இறக்கையை முறுக்கி வைத்தார்கள். உடம்பு அருகே 2 டிகிரி மேல்நோக்கி, நுனியில் அரை டிகிரி கீழ்நோக்கி. அதனால் நடு இறக்கை முதலில் ஸ்டால் ஆகி விமானம் உதறும், விமானிக்கு எச்சரிக்கை கிடைக்கும். அந்தக் காலத்து ஜெர்மன் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109 வேறு வழியில் போனது, இறக்கையின் வெளிப்பகுதியில் முன்விளிம்பே தானாகத் திறந்துகொள்ளும்.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? ஏலெரான் இருப்பது நுனிப் பக்கம். அதை 5 மிமீ கீழே இறக்கினால் மிட்செல் கொடுத்த முறுக்குக்கு நேர் எதிராக முறுக்கியதாக அர்த்தம். நுனியை நீங்களே ஸ்டாலுக்குத் தள்ளுகிறீர்கள். அந்த ஸ்விட்ச் செட்டிங்கைத் தலைகீழாக்குங்கள், இரண்டு ஏலெரானும் 2 மிமீ அல்லது 3 மிமீ மேலே. விமானம் கொஞ்சம் வேகமாக இறங்கும், ஆனால் கவிழாது. விழும் இறக்கையை ஏலெரானால் தூக்க நினைத்தபோது இன்னும் புரண்டதும் இதனால்தான், விழும் பக்கத்தில் ஏலெரான் கீழேதானே இறங்குகிறது. அந்த நேரத்தில் எலிவேட்டரை விட்டுவிடுங்கள், எதிர்ப்பக்கம் ரட்டர் (வாலின் செங்குத்து மடல்) கொடுங்கள், பறக்க ஆரம்பித்தபின் ஏலெரானைத் தொடுங்கள்.

ஃபோம்வெட்டி சொன்ன ஸ்டெபிலைசர் எனக்கு உடன்பாடில்லை. இறக்கை தாழ்ந்தால் அதுவும் ஏலெரானால்தான் தூக்கும். நான் என்.சி.சி. ஏர் விங்கில் மாடல் விமானத்தைக் கயிறு கட்டிச் சுற்றிய காலத்து ஆள் என்பதால் எலக்ட்ரானிக்ஸ் பிடிக்காது என்று நினைக்க வேண்டாம், காற்றுக்கு நல்லதுதான்.

சிஜியை 70க்குக் கொண்டுவாருங்கள். பின்னால் போகப் போக எலிவேட்டர் கூர்மையாகிக்கொண்டே போகும், லேசாகத் தொட்டாலே எகிறும்.

ஃபோம்வெட்டி:

ஏற்றுக்கொள்கிறேன் சார். என் மஸ்டாங் ஒருமுறை ஸ்டெபிலைசர் போட்டும் கவிழ்ந்தது. இங்கே எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஏரிக்கரை:

மோல்டைத் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போனை வைத்து அளந்தேன், இரண்டு பக்கமும் அரை டிகிரிக்குள் ஒத்துப்போகிறது. எலிவேட்டர் பாதிகளும் சமம். ப்ரொப்பெல்லர் நட்டில் ஒரு கயிறு, வால் முனையில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டேன். வலது இறக்கை லேசாகத் தாழ்ந்தது, இடது நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை டேப் போட்டு ஒட்டியதும் சமமாகிவிட்டது.

பேட்டரி அறையில் முன்பக்க ஃபோமை வெட்டினேன், சிஜி இப்போது 71. எலிவேட்டர் 10 மிமீ, ஏலெரான் ஸ்விட்சில் 2.5 மிமீ மேலே. ஞாயிற்றுக்கிழமை காலை காற்று எழும் முன் போனேன். நன்றாக உயரே கொண்டுபோய் த்ராட்டிலை மூடி, உயரம் குறையாமல் இழுத்துக்கொண்டே வந்தேன். ஸ்விட்ச் போடாதபோது மூக்கு ஆடி இடது இறக்கை கொஞ்சம் தாழ்ந்தது, எலிவேட்டரை விட்டதும் நிமிர்ந்தது. ஸ்விட்ச் போட்டபோது குச்சியைக் கடைசி வரை இழுத்துப் பிடித்தேன். தலையாட்டிக்கொண்டே தட்டையாக இறங்கியது, கவிழவே இல்லை. நான்கு முறை செய்து பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இறங்கும்போது கடைசித் திருப்பத்தை ஏரியின் உள்பக்கம் தள்ளி அகலமாக எடுத்தேன், த்ராட்டிலைக் கால் பங்கில் வைத்திருந்தேன். வேகமாகத்தான் வந்தது. ஓடி, கருவேலம் புதர் ஓரத்தில் மூக்கைக் குத்தி நின்றது. ப்ரொப்பெல்லர் போச்சு. பேட்டரியைப் பின்னால் தள்ளியதே இதற்காகத்தான், இப்போது பழையபடி வந்துவிட்டது.

பழைய பால்சா:

அதற்குச் சக்கரத்தை முன்னால் கொண்டுவர வேண்டும் தம்பி, எடையைப் பின்னால் அல்ல. கால் கம்பியை முன்பக்கமாக வளைத்து, வால் தரையில் இல்லாமல் விமானம் மட்டமாக நிற்கும்போது அச்சு இறக்கையின் முன்விளிம்புக்கு நேர் கீழே வரும்படி வையுங்கள். தரையைத் தொட்டு வேகம் தணிந்தபின் எலிவேட்டரை மேலே பிடித்தபடியே ஓட விடுங்கள், நிற்கும் வரை விடக்கூடாது. புல் முடிச்சு இருந்தால் அப்போதும் குத்தும், ஸ்பிட்ஃபயருக்கு அந்தக் குணம் உண்டு.

ஏரிக்கரை:

கம்பியை வளைத்தாகிவிட்டது, 15 மிமீ முன்னால் வந்திருக்கிறது. ப்ரொப்பெல்லர் இந்த முறை இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.