மாமன்றத்துல எங்க வார்டு பார்க்குக்கு நிதி பாஸ் ஆயிடுச்சு, அடுத்து என்ன நடக்கும்? எங்க போய் பேசணும்?

மீனா_வடசென்னை:
எல்லாருக்கும் வணக்கம். ரிப்பன் பில்டிங்ல நடந்த சென்னை மாநகராட்சி மாமன்றக் கூட்டத்துல நிறைய தீர்மானம் நிறைவேறுச்சுன்னு பேப்பர்ல பாத்தேன், அதுல எங்க வார்டு பார்க்கும் வருது, "பூங்கா மேம்பாட்டுப் பணி"ன்னு ஒரே வரி, பக்கத்துல ஒரு தொகை, அவ்ளோதான். என்ன மேம்பாடு, எதெல்லாம் செய்யப் போறாங்கன்னு அதுல ஒண்ணுமே தெரியல.

எங்க தெரு லேடீஸ் காலைல அஞ்சரைக்கே நடக்க வந்துடுவோம், வயசானவங்களும் வருவாங்க, பாத்ரூம் இல்லாததால அரை மணி நேரத்துல திரும்பிப் போயிடுறாங்க. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வர்ற பொண்ணுங்க மேடை ஓரத்துல கேரம் போர்டு போட்டு ஆடுவாங்க, நம்ம கேரம் வீராங்கனை காசிமா 2024-ல அமெரிக்காவுல போய் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கிட்டு வந்ததுல இருந்து எங்க பக்கம் பொண்ணுங்களுக்கு கேரம்னா உயிரு. ஆனா ஆறரை ஆச்சுன்னா அந்த மூலையில வெளிச்சம் பத்தாது, காயின் தெரியாம போர்ட எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க.

எங்களுக்கு வேண்டியது ஒரு பாத்ரூம், நல்ல லைட், அந்த மேடைக்கு மேல ஒரு ஷீட் கூரை. பணம் ஒதுக்கியாச்சுன்னா இதெல்லாம் இப்ப சேர்க்க முடியுமா, இல்ல கதை முடிஞ்சுதா? கவுன்சிலர்கிட்ட போகணுமா, மண்டல ஆபீஸா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_எஸ்டிமேட்:
மீனாம்மா, நான் சிவில் வேலைல முப்பது வருஷத்துக்கு மேல இருந்து ரிடையர் ஆனவன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். தீர்மானம் பாஸ் ஆச்சுன்னா அதுக்கு நிர்வாக அனுமதி கிடைச்சிருக்குன்னு அர்த்தம். அதுக்கப்புறம்தான் தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ரேட் ஒத்துக்கறது, காண்ட்ராக்டருக்கு பணி ஆணை எல்லாம் வரிசையா வரும். ஆனா ஒண்ணு கவனிங்க, தொகை போட்டு மன்றத்துக்குப் போயிருக்குன்னா அதுக்கு முன்னாடியே ஒரு எஸ்டிமேட் தயாராகி இருக்கும், தொகை அதுலேர்ந்துதான் வருது. அந்த எஸ்டிமேட் உங்க வார்டு ஏ.ஈ.கிட்ட, அதாவது உதவிப் பொறியாளர்கிட்ட இருக்கும், இல்ல பூங்கா துறைகிட்ட இருக்கும். முதல்ல அத கையில வாங்குங்க. "மேம்பாடு"ங்கற ஒரு வார்த்தைக்குள்ள நடைபாதை டைல்ஸ் மட்டும் இருக்கலாம், காம்பவுண்டு சுவர் மட்டும் இருக்கலாம், அத பாக்காம கோரிக்கை மனு எழுதறதுல பிரயோஜனம் இல்ல.

பாத்ரூம் விஷயம் நீங்க நினைக்கறத விட பெருசு. கட்டறது மாநகராட்சி, ஆனா தண்ணியும் கழிவுநீர் கனெக்‌ஷனும் மெட்ரோ வாட்டர், அது தனி வாரியம். கனெக்‌ஷனுக்கான செலவு எஸ்டிமேட்ல இல்லாம ரூம மட்டும் கட்டினா பூட்டித்தான் வைக்கணும். அப்புறம் தினம் யாரு கழுவறதுங்கறதும் முதல்லயே முடிவாகணும். லைட் மின்சாரப் பிரிவு, செடி கொடி பூங்கா துறை, கூரை சிவில். ஒரே பார்க்குக்கு நாலு இடம், அதனால மனுவ நாலா பிரிச்சு எழுதுங்க, எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல போட்டா அது ஒருத்தர் மேஜையிலயே நின்னுடும்.

டெண்டர் விடறதுக்கு முன்னாடி சேர்க்கறது சுலபம். பணி ஆணை குடுத்தாச்சுன்னா திருத்திய எஸ்டிமேட் போட்டு மறுபடி அனுமதி வாங்கணும், அது இழுக்கும். அதனால இந்த வாரமே போங்க.

பூங்கோதை_அண்ணாநகர்:
மீனா அக்கா, பெரியவர் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. 2022 ஜூன்ல வார்டு கமிட்டி, ஏரியா சபை விதிகள் வந்துச்சு, அதுப்படி ஒவ்வொரு வார்டையும் ஏரியாவா பிரிச்சிருக்காங்க, சென்னையில வார்டுக்கு பத்து. அந்த ஏரியாவுல ஓட்டு இருக்கற எல்லாருமே ஏரியா சபைல உறுப்பினர்தான், நீங்களும்தான், யாரும் நியமிக்கத் தேவையில்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடணும். கிராமத்துல கிராம சபை மாதிரி நமக்கு இது, கிராமத்துக்காரங்க வருஷக்கணக்கா உக்காந்து கேள்வி கேக்கறாங்க, நம்ம சிட்டி ஜனங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல, அதான் எனக்கு மனசு ஆறல.

நாங்க எங்க ஏரியா சபைக்கு போனப்ப வாயால சொல்லிட்டு வரல. எந்த இடம், எத்தன அடி, யாரு பயன்படுத்துவாங்க, இத எழுதி கையெழுத்து வாங்கி போட்டோவோட குடுத்து, "இத மினிட்ஸ்ல, கூட்டக் குறிப்புல ஏத்துங்க"ன்னு சொல்லி அந்த வரி எழுதற வரைக்கும் பக்கத்துலயே நின்னோம். மினிட்ஸ்ல ஏறினாதான் அது வார்டு கமிட்டிக்கு போகும், அங்க தலைவர் கவுன்சிலர்தான். அந்த கேரம் ஆடற பொண்ணுங்களையும் கூட்டிட்டுப் போங்க அக்கா, ஓட்டு இல்லாட்டியும் பரவால்ல, அவங்க வாயால கேக்கட்டும்.

மீனா_வடசென்னை:
ரொம்ப நன்றி சார், நன்றி பூங்கோதை. ஏரியா சபைல எனக்கும் இடம் இருக்குன்னு இப்பதான் தெரியுது. இன்னொரு சந்தேகம், ஒதுக்கின தொகை பத்தலன்னா? கூரைக்கு கவுன்சிலர் நிதில கேக்கலாமா?

பழைய_எஸ்டிமேட்:
தாராளமா கேக்கலாம். கவுன்சிலர் நிதிங்கறது வார்டு மேம்பாட்டு நிதிதான், சென்னையில அது 2022-ல 35 லட்சமா இருந்துச்சு, படிப்படியா ஏத்தி 2025-26 பட்ஜெட்ல 60 லட்சம் ஆக்கினாங்க. ஒரு வருஷத்துக்கு ஒரு வார்டு முழுக்க இதான், தெரு, ஸ்கூல், அங்கன்வாடி எல்லாரும் இதுலதான் கை வைப்பாங்க, அதனால நிதியாண்டு தொடங்கற ஏப்ரல்லயே போய் நிக்கறவங்களுக்குத்தான் வேலை நடக்கும். கூரை மாதிரி சின்ன வேலைக்கு இது சரியான இடம். பெரிய வேலைன்னா எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி இருக்கு, அங்கயும் ஒரு மனு போடுங்க.

2016 அக்டோபர்லேர்ந்து 2022 வரைக்கும் சென்னைக்கு கவுன்சிலரே கிடையாது, தேர்தல் நடக்கல, தனி அதிகாரிதான். அந்த அஞ்சு வருஷத்துக்கு மேல ஜனங்க யாருகிட்ட போய் கேட்டிருப்பாங்க சொல்லுங்க. இப்ப கேக்க 200 பேர் அங்க உக்காந்திருக்காங்க, அத விடாதீங்க.

தகவல்_தாங்க:
எஸ்டிமேட் குடுக்கலன்னா ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க மேடம். வெள்ளை பேப்பர்ல எழுதி பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், 30 நாள்ல பதில் தரணும். எஸ்டிமேட், பணி ஆணை, எம் புக் நகல் மூணையும் கேளுங்க. எம் புக்ங்கறது எவ்ளோ நீளம் அகலம் வேலை நடந்துச்சுன்னு அளந்து எழுதற புக்கு, அத வெச்சுதான் காண்ட்ராக்டருக்கு பில் போகும். டேப் எடுத்துட்டுப் போய் நீங்களே அளந்து பாக்கலாம். நிறைய பேருக்கு தெரியாத ஒண்ணு, இந்த 2005 சட்டத்துல பிரிவு 2(ஜெ)ல நடக்கற வேலைய நேர்ல பாக்கவும், போடற பொருள்ல சாம்பிள் எடுக்கவும் உரிமை இருக்கு. டெண்டர் விவரம் தமிழ்நாடு அரசோட டெண்டர் சைட்ல வரும், மாநகராட்சி பேர போட்டு தேடிட்டே இருங்க.

புனே_தமிழன்:
நான் இருக்கற புனேல 2006 வாக்குல இருந்தே பட்ஜெட் போடறதுக்கு முன்னாடி ஜனங்ககிட்ட ஃபார்ம் குடுத்து என்ன வேணும்னு கேக்கறாங்க, பெஞ்ச், நடைபாதை, பொதுக் கழிப்பறைன்னு எழுதி வார்டு ஆபீஸ்ல குடுக்கலாம். எல்லாம் நடக்குதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா பாஸ் ஆனப்புறம் பேப்பர்ல பாத்து தெரிஞ்சுக்கறதுக்கும் முன்னாடியே எழுதிக் குடுக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு. சென்னையிலயும் இத கேக்கணும்.

பூங்கோதை_அண்ணாநகர்:
மீனா அக்கா, நமக்கு நாமே திட்டமும் இருக்கு, செலவுல மூணுல ஒரு பங்கு நாம போட்டா மீதி அரசு போடும். ஆனா உங்க பார்க்குக்கு நான் அத சொல்ல மாட்டேன். வசூல் பண்ற வசதி இருக்கற ஏரியாவுக்கு அது ஓகே, பாத்ரூமும் லைட்டும் சொத்து வரி கட்டறவங்களுக்கு வரவேண்டிய அடிப்படை வசதி, அதுக்கு எதுக்கு திரும்ப கைக்காசு. முதல்ல எஸ்டிமேட்ட வாங்கி இங்க போடுங்க, எந்த ஐட்டம் விட்டுப்போயிருக்குன்னு சார் பாத்து சொல்லட்டும், மனுவ நான் எழுதித் தரேன்.

மீனா_வடசென்னை:
திங்கக்கிழமை காலைல நாங்க ஆறு பேர் வார்டு ஆபீஸ் போறோம். எஸ்டிமேட் கிடைச்சா அன்னிக்கே போட்டோ எடுத்து போடறேன்.