குழு ப்ராஜெக்டில் என் பங்கை எப்படி எழுதுவது?

வணக்கம். எங்கள் குழுவின் மென்பொருள் ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது. இப்போது ஒவ்வொருவரும் தன் பங்களிப்பைப் பற்றித் தனியாக அறிக்கை எழுத வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நிரலில் யார் என்ன மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் கிட் கருவியில், ஆள்வாரியாகப் பட்டியல் தரும் ஷார்ட்லாக் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் கமிட் (பதிந்த மாற்றம்) எண்ணிக்கையில் நான்தான் கடைசி. என் நேரம் பெரும்பாலும் மற்றவர்களின் நிரலை ரிவ்யூ செய்வதிலேயே (படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வதிலேயே) போனது. தரவுத்தள வடிவமைப்பை இன்னொருவரும் நானும் ஒரே கணினியில் உட்கார்ந்து முடித்தோம். அது முழுக்க அவர் பெயரில் ஏறியிருக்கிறது. கமிட் செய்தியில் ‘கோ-ஆத்தர்ட்-பை’ என்று சேர்ந்து எழுதியவரின் பெயரைச் சொல்லும் வரி சேர்க்கும் வழக்கம் எங்கள் குழுவில் இல்லை. வேறொருவர் பெயரில் ஆயிரக்கணக்கான வரிகள். பாதிக்கு மேல், தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் கருவி அவற்றின் பதிப்புகளைக் குறித்துவைக்கத் தானாக எழுதிய லாக் (lock) ஃபைல்! (அவரும் நன்றாகவே உழைத்தார், அது வேறு விஷயம்.)

எண்ணிக்கையை விட்டுவிட்டு, புல் ரிக்வெஸ்டில் (ஒரு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) நான் எழுதிய கருத்துகளையும் அதனால் மாறிய நிரலையும் ஆதாரமாகக் காட்டலாம் என்று நினைக்கிறேன். சரியா?

இப்படி அறிக்கை எழுதியவர்களோ, படித்து மதிப்பெண் போட்டவர்களோ இருந்தால் சொல்லுங்கள்: ரிவ்யூ வேலையை எவ்வளவு விரிவாக எழுதலாம்? அப்புறம், சேர்ந்து செய்ததை, கூட இருந்தவரின் உழைப்பைக் குறைத்துக் காட்டாமல் எப்படிச் சொல்வது?