கணக்கு வேலையிலிருந்து நாய்ப் பயிற்சிக்கு: வேலையை விடுறதுக்கு முன்னாடி என்ன கத்துக்கணும்?

பேரேடு (கேள்வி):
வணக்கம். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாய்ப் பயிற்சியை முழுநேரத் தொழிலாக எடுக்க எண்ணம். ஒரு வருடத்துக்கு வேலையை விடப்போவதில்லை. வாரம் பத்து மணி நேரம் ஒதுக்க முடியும். சான்றிதழ் இல்லாமல் ஆரம்பிக்கலாமா? அந்தப் பத்து மணி நேரத்தில் எதைப் பழகணும்? கடிக்கிற நாய்களை எப்போது கையில் எடுக்கலாம்? நாய்கள் பிடிக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது, அதனால் அடிப்படையிலிருந்தே சொல்லுங்க.

நீளக்கயிறு:
பெரும்பாலான நாடுகளில் இதற்கு உரிமம் கிடையாது. இன்றைக்கே போர்டு மாட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். விதிவிலக்கும் உண்டு: ஜெர்மனியில் 2014 முதல் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் தொழில் செய்யணும். முதலில் உங்கள் ஊர் விதியைப் பாருங்க.

சான்றிதழ் என்று போனால் பலர் எடுப்பது, நாய்ப் பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பான சிசிபிடிடி (CCPDT) நடத்தும் சிபிடிடி-கேஏ (CPDT-KA) தேர்வு. அதை எழுதவே கடந்த 3 ஆண்டுக்குள் 300 மணி நேரப் பயிற்சி அனுபவம் காட்டணும். புத்தகம் படித்த நேரம் அதில் சேராது. தேர்வில் ஒரு பகுதி மனிதர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் திறன் பற்றியது என்பதையும் கவனியுங்க. ஆக, 'ஒரே வாரத்தில் பயிற்சியாளர்' என்று விற்கிற வகுப்பால் பெரிய பிரயோஜனமில்லை.

யாரிடம் கற்கப் போனாலும் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்க. நாய் சரியாகச் செய்தால் என்ன நடக்கும்? தப்பாகச் செய்தால் என்ன நடக்கும்? 'எனர்ஜி', 'தலைமை' என்று மழுப்பினால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். அமெரிக்காவின் விலங்கு நடத்தை சார்ந்த கால்நடை மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட நிலைப்பாடு, எல்லா நாய்களுக்கும் வெகுமதி சார்ந்த முறையைத்தான் பரிந்துரைக்கிறது. ஷாக் காலரில் (மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) தொழில் கற்றுக்கொண்டால் அப்புறம் அந்தக் கைப்பழக்கத்தை மாற்றப் படாத பாடு படணும்.

பட்டாணி_அளவு:
பேரேடு, அந்தப் பத்து மணி நேரத்தில் எதைப் பழகணும்னு நீங்க கேட்டதுக்கு வர்றேன். முதல் மாசம் நாயே வேண்டாம். ஒருத்தரைப் பந்தைத் தரையில் போடச் சொல்லுங்க. அது தரையைத் தொடுற நொடியில் கிளிக்கரை அழுத்துங்க (கிளிக்கர்னா அழுத்தினா 'கிளிக்'னு சத்தம் போடுற சின்னக் கருவி; நாய் சரியாச் செஞ்ச நொடியை அந்தச் சத்தம் காட்டும், அதுக்குப் பிறகு தின்பண்டம்). போனில் வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிப் பாருங்க. நீங்க எவ்வளவு பிந்தி அழுத்துறீங்கன்னு பார்த்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

அடுத்தது கை. கிளிக் முதல்ல, கை அப்புறம். இந்த வரிசை தவறுறதுதான் புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற தப்பு. கிளிக் பண்றதுக்கு முன்னாடியே கை ட்ரீட் (வெகுமதியாக் கொடுக்கிற தின்பண்டம்) பையை நோக்கிப் போனா, நாய் சத்தத்தை விட்டுட்டு உங்க தோளைக் கவனிக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் கிளிக் வெறும் சத்தம்தான். இடது கை வயித்து மேல அசையாம இருக்கட்டும். சத்தம் கேட்ட பிறகுதான் பைக்குள்ள போகணும்.

ட்ரீட் மெத்துன்னு, பட்டாணி அளவு. மொறுமொறுப்பா இருந்தா மென்னு முடிக்கவே நேரம் போயிடும், உதிர்ந்ததைத் தேடிட்டு மூக்கு தரையிலேயே இருக்கும். புதுப் பழக்கத்தை ஆரம்பிக்கும்போது நிமிஷத்துக்கு 10 முதல் 15 வரைக்கும் கொடுங்க, இரண்டு மூணு நிமிஷத்தில் நிறுத்துங்க.

எப்ப கடினமாக்குறதுன்னா: பத்து முறைக்கு எட்டு சரியா வந்தா ஒரு படி ஏத்துங்க. ஆறு, ஏழுன்னா அதே படியில நில்லுங்க. அஞ்சுக்குக் கீழே போனா இறக்குங்க. நேரம், தூரம், கவனச்சிதறல் மூணையும் ஒரே சமயத்தில் ஏத்தாதீங்க. 'வீட்டுல கேக்குது, வெளியில கேக்கல'ங்கிற புகார்ல முக்கால்வாசி இதுதான். வீட்டுக்கூடத்திலிருந்து நேரா பூங்காவுக்குத் தாவியிருப்பாங்க.

உணவைக் காட்டி உட்கார வைக்கிறதா இருந்தா, நாலஞ்சு முறைக்கு மேல கையில உணவு இருக்கக்கூடாது. அதே கை அசைவு, வெறுங்கை, கிளிக், பிறகு பையிலிருந்து ட்ரீட். இதைத் தள்ளிப்போட்டா ட்ரீட் தெரிஞ்சாத்தான் உட்காரும்.

'வா' பழக்க 5 முதல் 10 மீட்டர் கயிறு. அதை ஹார்னஸில் (மார்பைச் சுத்தி மாட்டுற பட்டை) மட்டும் மாட்டுங்க, காலரில் மாட்டினா ஓட்டத்தோட முடிவில் கழுத்து வெட்டி இழுபடும். கயிற்றைக் கையில சுத்தாதீங்க.

பேரேடு:
நன்றி. குழு வகுப்பா, தனி வகுப்பா? கட்டணம் எப்படி வைப்பது?

நீளக்கயிறு:
தனி வகுப்பு முதலில். குழு வகுப்பென்றால் ஆறு நாய்க்கு மேல் வேண்டாம்; நாய்க்கு நாய் குறைந்தது இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி, தடுப்பூசிச் சான்று பார்த்த பிறகே சேர்க்கை. நாய்க்குட்டிகள் பழக வேண்டிய பருவம் 3 முதல் 12–14 வாரம் வரைதான், அதனால் எல்லா ஊசியும் முடியட்டும் என்று காத்திருக்க முடியாது. வயதுக்குரிய ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்து, கழுவித் துடைத்த உள்ளறையில் வைத்துக்கொள்ளுங்க.

ஒற்றை வகுப்பாக விற்காதீங்க, நாலு முதல் ஆறு வகுப்புத் தொகுப்பாக விலை சொல்லுங்க. ஒரு மணி நேர வகுப்புக்குப் பின்னால் பயணம், குறிப்பு எழுதுவது, வாட்ஸப் கேள்விகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு மணி நேரம் போகும். கணக்குத் தெரிந்தவர், அதை விலையில் ஏற்றிவிடுவீங்க. பலனுக்கு உத்தரவாதம் மட்டும் எழுத்தில் தராதீங்க. வாரம் முழுக்கப் பழக்கப்போவது வீட்டுக்காரர், நீங்கள் அல்ல. ஒரு வகுப்பில் அவருக்கு இரண்டு விஷயம் சொல்லுங்க, மூன்றாவது மறந்துபோகும். நீங்களே கயிற்றைப் பிடித்து நாயை அழகாக நடத்திக் காட்டினால் பாராட்டு கிடைக்கும், மறுவாரம் நாய் பழையபடி இழுக்கும்.

பட்டாணி_அளவு:
கடி பத்தி யாரும் சொல்லலையே. கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளருமான இயன் டன்பார், கடி எவ்வளவு தீவிரம்னு பிரிக்கிறதுக்கு உருவாக்கின ஆறு நிலை அளவுகோலைப் படிச்சு வைங்க. முதல் நிலை பல்லே படாதது, இரண்டாவது பல் பட்டும் துளை விழாதது. மூணாவதில் ஒரே கடியில் ஒண்ணு முதல் நாலு துளை, கோரைப்பல்லோட பாதி நீளத்துக்கு மேல ஆழமில்லாதது. மூணும் அதுக்கு மேலயும் உள்ளதை அனுபவசாலிக்கு அனுப்பி, அவர் அனுமதிச்சா பக்கத்திலிருந்து பாருங்க. போன்லயே கேளுங்க: யாரை, எங்கே, தோல் கிழிஞ்சுதா, எத்தனை துளை.

திடீர்னு ஆரம்பிச்ச கோபம்னா முதல்ல கால்நடை மருத்துவர். காது, பல், இடுப்பு வலி இருந்தா பயிற்சியால ஒண்ணும் ஆகாது. உறுமுறதைத் திட்டி நிறுத்தச் சொல்ற வீட்டுக்காரரைத் தடுங்க. உறுமல் போயிடும், கடி மிச்சமிருக்கும், அதுவும் எச்சரிக்கை இல்லாம. மஸில் (வாய்ப்பூட்டு) போடணும்னா கூடை வகைதான், உள்ளே வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் ட்ரீட் வாங்கவும் முடியணும். நாய் தானா மூக்கை உள்ளே விடுற வரைக்கும் வாரைக் கட்டாதீங்க.