கருங்கோல் குறிஞ்சியில் பன்னிரண்டு ஆண்டு எங்கே?

மைவரை (கோத்தகிரி): குறுந்தொகை 3-ஆம் பாட்டின் குறிஞ்சி, பன்னிரண்டு ஆண்டு தவமிருந்து இறைவனைச் சேரும் ஆன்மாவின் குறியீடு என்று பூம்பாறை வேலன் நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 'சாரல் கருங்கோல் குறிஞ்சிப்பூக் கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே' என்று தேவகுலத்தார் முடிக்கிறார்: மலைச்சரிவில் கரிய தண்டுடைய குறிஞ்சியின் பூவைக் கொண்டு பெருந்தேன் சேரும் நாட்டுக்காரனோடு தலைவி கொண்ட நட்பு. பன்னிரண்டு ஆண்டு எந்தச் சொல்லில் இருக்கிறது?

பூம்பாறை வேலன்: 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. மலை முழுக்க நீலமாவதைக் கண்ணால் பார்த்தவனுக்கு உரையாசிரியர் தேவையில்லை ஐயா. முருகனையே இங்கே குறிஞ்சி ஆண்டவர் என்று கும்பிடுகிறோம். நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது என்று தலைவி பாட்டின் தொடக்கத்தில் சொல்வது வெறும் ஆண்பிள்ளை மீதுள்ள ஆசையையா?

மைவரை: அந்த 'வெறும்' என்ற சொல்தான் என்னைச் சுடுகிறது. ஒரு பெண்ணின் காதல் தானாகவே அவ்வளவு பெரிதாக இருக்கக் கூடாதா? கடவுளை ஏற்றினால்தான் அதற்கு மதிப்பா? நீங்கள் சொல்லும் குறிஞ்சி ஆண்டவர் கோவில் கொடைக்கானலில் 1936-இல் கட்டியது. பாட்டு சங்க காலத்தது. பன்னிரண்டு எங்கே?

குன்னூர் கயல்: குறிஞ்சியில் பல இனங்கள் உண்டு. எல்லாம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவை அல்ல. எங்கள் மலைக்கு நீலகிரி என்ற பெயரே இந்தப் பூவால் வந்தது என்பார்கள். பழனி மலைக்காரர்கள் தனியுரிமை கொண்டாட வேண்டாம்.

பூம்பாறை வேலன்: குறிஞ்சி வளரும் புல்வெளியில் வெளிநாட்டிலிருந்து வந்த சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மண்டிக் கிடக்கும் ஊரிலிருந்து உரிமைப் பேச்சா?

குன்னூர் கயல்: கொடைக்கானலில் மட்டும் அவை இல்லையா? கண்ணைத் திறந்து பாருங்கள்.

பூம்பாறை வேலன்: மைவரை ஐயாவுக்குப் பக்தி என்றாலே ஆகாது. சென்ற மாதம் ஆண்டாளின் குயில் பாட்டைப் பற்றிய பேச்சிலும் இப்படித்தான் என்னை மட்டம் தட்டினார். நான் மறக்கவில்லை.

மைவரை: தட்டவில்லை, திருத்தினேன். ஆண்டாள் 'என் வேங்கடவன் வரக் கூவாய்' என்று பெயர் சொல்லி அழைக்கிறாள். அங்கே குயில் இறைவனுக்குத் தூது என்பதை ஏற்கிறேன். இங்கே நாடனுக்குப் பெயரே இல்லை. அகப்பாட்டில் யாரையும் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் சொல்லாத இடத்தில் முருகனைக் கொண்டுவந்து உட்கார வைப்பது நீங்கள். பன்னிரண்டையும் நீங்களே கொண்டுவந்தீர்கள்.

பூம்பாறை வேலன்: 'சேயோன் மேய மைவரை உலகம்', அதாவது முருகன் உறையும் மலைநிலம், என்பதும் அதே தொல்காப்பியம்தான். உங்கள் பெயரே அந்த வரியிலிருந்து எடுத்தது.

குன்னூர் கயல்: தேன் இழைக்கும் தேனீயைப் பற்றி இருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

மைவரை: தேனீ பிறகு. வேலன் இன்னும் பதில் சொல்லவில்லை. பாட்டு நான்கே அடி. பன்னிரண்டு எந்த அடியில் இருக்கிறது?