மலையக வரலாற்றைக் கற்பிக்க மூல ஆவணங்கள் தேவை
இலங்கை மலையகத்தின் ஹட்டன் பகுதிப் பாடசாலையொன்றில் தரம் 11 மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். பாடநூலில் கோப்பியும் தேயிலையும் பொருளாதார மாற்றங்களாக விரிகின்றன; ஆனால் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்துவந்து அத்தோட்டங்களை உருவாக்கிய மக்களைப் பற்றி, அவர்களின் வழித்தோன்றல்களான என் மாணவர்கள் மனத்தில் நிற்கும்படி எதுவுமில்லை. இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தையும் (இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்டது) மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்தே அறிகிறார்கள். இது எனக்குப் பெரும் வேதனை.

பாடசாலை நூலகத்தில் தேடினேன். சக ஆசிரியர்களிடமும் கேட்டேன். கிடைத்த ஆய்வேடுகள் ஆங்கிலத்தில், பதினைந்து வயதினருக்கு எட்டாத நடையில் உள்ளன. முதியோரின் வாய்மொழிச் சான்றுகளைப் பதிவுசெய்து வருகிறேன். அவற்றோடு ஒப்பிட எழுத்தாவணம் இல்லை.

தோட்டச் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேடு) பதிவுகள், பிரஜாவுரிமை விண்ணப்பங்கள், கடிதங்கள் போன்றவற்றின் பிரதிகளை வகுப்பறைப் பயன்பாட்டுக்கு எங்கே பெறலாம்?